பாத்திரக்காரருக்குப் போகவிருந்த புடவை

கேள்வி: சென்ற மாதம் சென்னையில் ஒரு ஹோட்டலில் நடந்த ‘ரெட்ரோ’ இசை இரவுக்குக் கணவரின் நண்பர்களோடு போயிருந்தோம். எழுபதுகளின் உடையில் வரச் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலோர் வாடகைக்கு எடுத்த ஜிகினா உடையிலும் சுருட்டை முடி டோப்பாவிலும் வந்திருந்தார்கள். நடுவே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, கரும்பச்சையில் பெரிய வெள்ளைப் பூக்கள் போட்ட நைலக்ஸ் புடவையும் பஃப் கை ரவிக்கையுமாக வந்தார். காலில் சாதாரணச் செருப்பு, கையில் தினமும் கட்டுகிற மாதிரி ஒரு கடிகாரம். அவரைவிட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. திருச்சியில் என் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலும் இரண்டு நைலக்ஸ் புடவைகளும் ஒரு பழைய பட்டும் இருக்கின்றன. அடுத்த நிகழ்ச்சிக்கு அவற்றில் ஒன்றைக் கட்டலாம் என்றால், “பாத்திரக்காரனுக்குப் போட வேண்டியதைக் கட்டிக்கொண்டு போவதா?” என்கிறார் மாமியார். “மாறுவேடப் போட்டியா?” என்று சிரிக்கிறார் கணவர். நான் கொஞ்சம் பருமன் வேறு. என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: கட்டுங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதை, எப்படி என்பதில்தான் பேச்சு.

அந்தப் பெண்மணியின் செருப்பையும் கடிகாரத்தையும் நீங்கள் கவனித்தீர்களே, அங்கேயே பாதி விடை இருக்கிறது. புடவை ஒன்றுதான் பழையது. மற்றதெல்லாம் அவருடைய அன்றாடம். தலை முதல் கால் வரை ஒரு காலத்தை மாட்டிக்கொண்டு வந்திருந்தால் உங்கள் கணவர் சொன்ன மாறுவேடம்தான். ஜிகினாக்காரர்களுக்கு நேர்ந்தது அதுதான். எழுபதுகளில் திருச்சியில் எந்த வீட்டில் ஐயா ஜிகினா உடுத்திக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனார்கள்? அது மேடையின் எழுபது. நம் வீடுகளின் எழுபது நைலக்ஸும் டெரிகாட்டனும்தான்.

இன்று நைலக்ஸ் என்றால் வியர்க்கும், ஒட்டும் என்று முகம் சுளிக்கிறோம். அன்று அதற்கு இருந்த மவுசு வேறு. பருத்திப் புடவை என்றால் துவைத்து, கஞ்சி போட்டு, நீவி உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். நைலக்ஸை இரவு அலசிப் போட்டால் காலையில் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்கலாம். வேலைக்குப் போன டீச்சர்களும் டைப்பிஸ்டுகளும் அதை விரும்பியதற்கு அழகு இரண்டாவது காரணம்தான். வெளிநாட்டு நைலக்ஸுக்குத் தனி மரியாதை. சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே வந்த பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். உங்கள் அம்மாவின் புடவைகள் எந்த வழியாக வந்தன என்று கேட்டுப் பாருங்கள். நிகழ்ச்சியில் யாராவது “எங்கே வாங்கினீர்கள்?” என்று கட்டாயம் கேட்பார்கள்.

பட்டா, நைலக்ஸா என்றால் நான் நைலக்ஸ் பக்கம். பழைய பட்டை முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிரித்துப் பாருங்கள். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு மடிப்பு வரியிலேயே இற்றுப்போகும். ஓர் ஓரத்தை இரண்டு விரல்களால் மெல்ல இழுக்கும்போது நூல் விடுகிற சத்தம் கேட்டால், அது ஆட்டத்துக்கு இல்லை. வேறு மடிப்பில் மடித்து மல் துணியில் சுற்றி வையுங்கள். பழைய ஜரிகையில் வெள்ளி இருக்கும். தெருவில் பழைய பட்டுப்புடவை கேட்டு வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள், கொடுத்துவிடாதீர்கள். ஜரிகைமேல் சென்ட் அடித்தால் கறுத்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நைலக்ஸ் எளிதில் இற்றுப்போகாது. அதற்கு எதிரி சூடு. கல்லூரி நாளில் அவசரமாக இஸ்திரிப் பெட்டியை வைத்து, முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டவள் நான். மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, மிகக் குறைந்த சூட்டில் தேய்த்தால் போதும். மேஜைமேல் மெழுகுவத்தி ஏற்றியிருந்தால் தள்ளி உட்காருங்கள், சிகரெட் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். நைலக்ஸ் என்பது நைலான் துணிதான், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இது அழகுக் குறிப்பு இல்லை, எச்சரிக்கை.

இன்னொன்று, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நடன அரங்குகளில் சில நேரம் புற ஊதா விளக்கு போடுவார்கள். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் அந்த ஒளியில் நீலமாக ஒளிரும். மெல்லிய நைலக்ஸுக்குள் வெள்ளைப் பாவாடை கட்டியிருந்தால் அறையில் எல்லோரும் பாவாடையைத்தான் பார்ப்பார்கள். புடவை நிறத்திலேயே பருத்திப் பாவாடை கட்டுங்கள், கொசுவமும் வழுக்காது.

பருமனைப் பற்றிய கவலையை ரவிக்கையோடு முடித்துவிடலாம். அந்தக்காலத் தையல்காரர்கள் பலர் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டுத் தைத்தார்கள். அம்மாவின் ரவிக்கையைப் புரட்டிப் பாருங்கள், தையலைப் பிரித்தால் சில சமயம் இரண்டு அங்குலம்கூடக் கிடைக்கும். போதாவிட்டால் அதையே மாதிரிக்குக் கொடுத்து, டூ பை டூ துணியில் உங்கள் அளவுக்குப் புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள். கழுத்தும் கையும் பழைய வெட்டிலேயே இருக்கட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டிய ரவிக்கை எந்தக் காலத்து ரவிக்கையானாலும் வேண்டாம். சாயங்காலம் முழுக்க அதை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பீர்கள், நீங்கள் வியந்த அந்தப் பெண்மணியின் நிதானம் வராது.

பாச்சை உருண்டை வாசனை போக இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட விடுங்கள். அதன்மேல் சென்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து தலைவலி தரும்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். வெளிநாட்டில் பழந்துணி விற்பவர்கள் இருபது வருடத்துக்கு மேற்பட்டதை ‘விண்டேஜ்’ என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். அந்தக் கணக்கில் அவருடைய பீரோவும் ஒரு கடைதான். “உங்களுடைய நைலக்ஸ் ஏதாவது இருக்கிறதா அத்தை?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் பீரோ திறக்கும், கூடவே கதையும் வரும்.

கணவருக்கு பெல்பாட்டம் தேட வேண்டாம். அவருடைய அப்பாவின் பெரிய காலர் டெரிகாட்டன் சட்டை ஏதாவது மிச்சமிருந்தால் அவருடைய வழக்கமான பேண்ட்டோடு போடட்டும், கிருதா வேண்டுமானால் இன்றிலிருந்தே வளர்க்கலாம். சென்ற முறை அவரும் டோப்பா வைத்திருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால், பாத்திரக்காரர் வரும்போது அதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு டம்ளராவது தருகிறாரா பார்ப்போம்.