பல்கனி அப்பிள் கன்று மூன்று வருடமாகியும் ஏன் பூக்கவில்லை?

கொழும்பில் அது காய்க்காது. வெள்ளவத்தை பல்கனியில் நீங்கள் மூன்று வருடமாக உரம் மாற்றியதிலோ தண்ணீர் ஊற்றியதிலோ பிழையில்லை, குளிர்தான் போதவில்லை.

அப்பிளின் பூர்வீகம் கசகஸ்தான் பக்கத்துத் தியான்சான் மலைகள். குளிரில் உறங்கி எழுந்தால்தான் அந்த மரம் ஒழுங்காகப் பூக்கும். பல இனங்களுக்கு 7 பாகை செல்சியசுக்குக் கீழே 800 மணித்தியாலமாவது வேண்டும். கொழும்பில் ஒரு மணித்தியாலமும் கிடைக்காது. அதோடு உங்களுடையது விதைக்கன்று. குளிர்நாட்டிலேயே பூக்க ஆறேழு வருடம் பிடிக்கும், தாய்ப்பழத்தின் ருசியும் வராது. அதனால்தான் நல்ல மரத்தின் கிளையை வேறு கன்றில் பொருத்தி ஒட்டுக்கட்டுகிறார்கள்.

ஒருமுறை கிளை நுனி மொட்டைப் பாருங்கள். ஒல்லியாகக் கூராக இருந்தால் இலை மொட்டு. உருண்டு பருத்திருந்தால் பூ மொட்டு. உங்களுடையது முதலாவதாகத்தான் இருக்கும்.

இந்தோனேசியாவின் மலாங்கில் குளிர் உறக்கத்துக்குப் பதிலாக இலைகளை உருவிவிட்டுப் பூக்க வைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது மலைநாடு, ஒட்டுமரங்கள். அதைப் பார்த்து உங்கள் கன்றை மொட்டையடிக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பழம் வேண்டும் என்றுதானே எழுதியிருந்தீர்கள்? சரி, அதே வெயிலில் பெரிய சாடியில் ஒட்டுக் கொய்யா வையுங்கள். 100 கிராம் கொய்யாவில் விற்றமின் சி ஏறத்தாழ 200 மில்லிகிராம். அப்பிளில் ஐந்துகூட இல்லை. கப்பலேறி வராமல், காலையில் பறித்த பழத்தை அப்படியே கடிக்கலாம்.