சாதிக்காய்க் கிராமமும் ஒரு காகிதமும்

ஐயா,

பினாங்கின் கம்போங் புவா பாலா பற்றி நீங்கள் ஓர் உரையில் குறிப்பிட்டீர்கள். அவ்வூர் எப்படி உருவாகி எப்படி மறைந்தது? நம்மவரின் படிப்பறிவின்மையும் ஒற்றுமையின்மையும்தானே காரணம்? என் தாத்தா சுங்கை பூலோ அருகே டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமம் பெற்ற அரசு நிலத்தில் நாற்பது ஆண்டுகள் கீரை பயிரிட்டுக் காலமானார். இன்று சித்தப்பா அதே பாத்திகளைப் பார்த்துக்கொள்கிறார். அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

புவா பாலா என்றால் மலாயில் சாதிக்காய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளுகோரில் பிரௌன் குடும்பத்தாரின் தோட்டத்தில் சாதிக்காய் விளைந்தது. 1860களில் பினாங்கின் சாதிக்காய் மரங்களை நோய் அழித்தது. தோட்ட முதலாளிகளின் காலம் முடிந்த பிறகும் அங்கு உழைத்த தமிழர்களின் வழிவந்தவர்கள் அதே மண்ணில் மாடும் ஆடும் வளர்த்துப் பால் விற்று வாழ்ந்தார்கள். கடைசியில் மிஞ்சியவை இருபதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள். 2009இல் அவையும் இடிக்கப்பட்டன. நீங்கள் கேட்ட கதை இவ்வளவுதான்.

சிறுவயதில் ஒரு மாட்டுப் பொங்கலன்று அம்மா என்னை அங்கே அழைத்துச் சென்றார். கொம்பில் மஞ்சள் பூசிய பசுவைத் தொடப் பயந்து நின்ற என்னைப் பார்த்துச் சிரித்த பாட்டி, தூக்குச்சட்டியில் பாலை அளந்து ஊற்றிவிட்டுக் கொசுறாக இன்னொரு கை ஊற்றினார். "எங்க பூட்டன் காலத்து மண்ணு இது" என்று அம்மாவிடம் அவர் சொன்னபோது அதைவிட உறுதியான பத்திரம் இருக்க முடியாது என்றே நான் நம்பினேன்.

பாட்டியின் சொல் சட்டத்தின் முன் செல்லாது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி, அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், உரிமம் பெற்றே குடியிருந்தாலும், அதனால் உடைமை பிறப்பதில்லை. பூட்டன் நட்ட மரம் சாட்சி சொல்ல வராது. தங்களுக்காகவே பிரௌன் குடும்பம் அந்நிலத்தை விட்டுச் சென்றதாக மக்கள் வாதிட்டுக் கூட்டரசு நீதிமன்றம் வரை போனார்கள்; நிலமோ அதற்கு முன்பே மாநில அரசின் வழியாகக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பெயருக்கு மாறியிருந்தது. கறவை முடித்த கையோடு வழக்கறிஞரைத் தேடி அலைந்தவர்களைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஒற்றுமை பற்றி நான் பேசப் போவதில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அதைக் கேட்டுச் சலித்துவிட்டது.

எனக்குத் திக்கென்றது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்தபோதுதான். டி.ஓ.எல். என்பது தற்காலிக உரிமம். ஆண்டு முடிவோடு அது காலாவதியாகும், புதுப்பித்தால்தான் உண்டு. அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்க இயலாது, பெற்றவர் இறந்தால் அவரோடு முடிந்துவிடும். கிராண்டு எனும் நிலப் பட்டா போலப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கக்கூடியது அல்ல அது. தாத்தாவின் பெயரில் இருந்த உரிமம் என்றால் உங்கள் சித்தப்பா இன்று எந்தக் காகிதத்தின் பலத்தில் கீரை பறிக்கிறார்? புவா பாலாவுக்காக வருந்த உங்களுக்கு நேரமிருக்கிறது. சொந்த வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே சித்தப்பாவிடம் அந்த உரிமத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, கடைசியாக எந்த ஆண்டுக்குக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை அவரை நில அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; தனியாக அனுப்ப வேண்டாம்.