"படம் பெரியது" என்பது ஆய்வு ஆகுமா?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை படிக்கிறேன். இசைச் சஞ்சிகைகளின் பக்க வடிவமைப்பை ஆராய்ந்து, பிறகு நானே ஓர் இரட்டைப் பக்கம் (விரித்தால் அருகருகே தெரியும் இரு பக்கங்கள்) தயாரிக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த மூன்று ஆங்கிலச் சஞ்சிகைகளைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். "கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதியிருக்கிறாய், ஆய்வு எங்கே?" என்று ஆசிரியர் திருப்பித் தந்துவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆசிரியர் கேட்டது நியாயம்தான், தம்பி. "தலைப்பு சிவப்பில் பெரிதாக உள்ளது, பாடகரின் படம் நடுவில் உள்ளது" என்ற வரியில், அந்தப் பக்கத்தைப் பார்த்தவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. சிவப்பை எடுத்துவிட்டு நீலம் போட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டுப் பாருங்கள். குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியலில் இதற்கு மாற்றீட்டுச் சோதனை என்று பெயர். ஒரு கூறை மட்டும் மனத்துக்குள் மாற்ற வேண்டும். பொருள் மாறினால் அது யோசித்துச் செய்த தெரிவு, மாறாவிட்டால் அலங்காரம். கமராவை நேராகப் பார்க்கும் பாடகியைச் சற்றே பக்கவாட்டில் திருப்புங்கள். அதுவரை வாசகரோடு பேசிக்கொண்டிருந்தவர் தன்னுடைய உலகத்துக்குள் போய்விடுகிறார். இப்படி ஒரு வாக்கியம் எழுதினால், நிறங்களைப் பட்டியலிடும் ஒரு பக்கத்துக்கு அது ஈடு.

ஆனால் கருத்துக்கு முன் அளவு வேண்டும். சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றையும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளை மறந்துவிட்டு, படம், தலைப்பு, அறிமுக வரிகள், பத்திகள், எடுப்பு மேற்கோள் (கட்டுரையிலிருந்து எடுத்துப் பெரிதாகப் போடும் வரி), வெற்றிடம் ஆகிய எல்லாவற்றையும் வெறும் பெட்டிகளாக வரையுங்கள். பக்கத்தில் எத்தனை பத்திகள், படத்துக்கு எவ்வளவு இடம், ஓரங்கள் எவ்வளவு அகலம் என்பது அப்போது எண்ணாகவே தெரியும். "படம் பெரியது" என்பது "படம் இரட்டைப் பக்கத்தில் பாதிக்கு மேல் பிடித்திருக்கிறது, கட்டுரைக்குக் கிடைத்தது ஒரேயொரு பத்தி" என்று மாறினால், அடுத்த கேள்வி தானாக வரும்: இந்தச் சஞ்சிகை தன் வாசகரை வாசிப்பவராக நினைக்கிறதா, பார்ப்பவராக நினைக்கிறதா?

இணையப் படங்களில் ஒரு பொறி இருக்கிறது. 1967இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன் முதலில் செய்தித்தாள் போன்ற பெரிய தாளில் வந்தது; பின்னரும் நீண்ட காலம் மற்றச் சஞ்சிகைகளைவிட அகலமாகவே இருந்து, 2008இல்தான் வழக்கமான அளவுக்குச் சுருங்கியது. கைத்தொலைபேசித் திரையில் எல்லா அட்டைகளும் ஒரே உயரம். ஆகவே நீளத்தை மில்லிமீற்றரில் எழுதாமல் பக்கத்தின் விகிதமாக எழுதுங்கள். உண்மையான தாள் அளவைத் தேடித் தனியே குறியுங்கள்.

மூன்று சஞ்சிகைகளில் ஒவ்வோர் இதழ் என்று எடுப்பது எல்லா மாணவரும் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் இதழை மட்டும் வைத்துக்கொண்டு எது அந்தச் சஞ்சிகையின் நிரந்தர விதி, எது அந்த வாரத்து முடிவு என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு சஞ்சிகைகளில் இரண்டிரண்டு இதழ்கள் எடுங்கள். ஒரு சஞ்சிகையின் இரண்டு இதழ்களிலும் மாறாமல் இருப்பது அதன் வீட்டு நடை, மாறியது அந்தக் கட்டுரைக்கான தீர்மானம். மூன்று கட்டாயம் என்றால் ஒன்றிலாவது இரண்டு இதழ்கள் பாருங்கள்.

எதிரெதிரான வாசகர்களைத் தெரிவு செய்தால் வேலை சுலபம். 1978இல் தொடங்கிய பிரித்தானியாவின் ஸ்மாஷ் ஹிட்ஸ் பாடல் வரிகளை அச்சிட்டது. வாசகர் கூடவே பாட வேண்டும் என்பதே அந்தப் பக்கங்களின் நோக்கம், நம் ஊர்ப் பாட்டுப் புத்தகத்தைப் போலவே. 1981இல் வந்த கெராங் கடினமான ரொக் இசைக்கானது. அதன் பெயரே கிற்றார் ஓசை, பெயரெழுத்துகளோ உடைந்த கண்ணாடி போல வெடித்திருக்கும். அந்த விரிசல்களை நீக்கி உருண்டை எழுத்துகளை மனத்துக்குள் போட்டுப் பாருங்கள், மாற்றீட்டுச் சோதனை உடனே பலிக்கும்.

அட்டையின் இடது மூன்றில் ஒரு பங்கு முக்கியமானது என்று ஆங்கிலப் பாடநூல்கள் சொல்லும். அங்குள்ள கடைத் தட்டுகளில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாத்தி வைக்கும்போது அந்த ஓரம்தான் வெளியே தெரியும் என்பது காரணம். அதை அப்படியே ஒப்புவிக்க வேண்டாம். கயிற்றில் கிளிப் போட்டுச் சஞ்சிகைகளைத் தொங்கவிடும் ஒரு கடையின் முன் கொஞ்ச நேரம் நின்று, எந்தப் பகுதி மறைகிறது என்று பாருங்கள். நீங்களே கண்டு எழுதிய அந்த அவதானத்துக்கு ஆசிரியர் கட்டாயம் புள்ளி போடுவார்.

இனி உங்கள் சொந்தப் பக்கம். ஆங்கிலப் பக்கத்தின் கட்டத்தை (பத்திகளும் ஓரங்களும் அமைந்த விதத்தை) அப்படியே எடுத்துத் தமிழை ஊற்றினால் நிச்சயம் சொதப்பும். நம் சொற்கள் நீளம். ஒடுங்கிய பத்தியில் இரு ஓரங்களையும் நேராக்கினால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். ஏ4 தாளில் நான்கு பத்திகளுக்குப் பதில் இரண்டு அல்லது மூன்று போதும், வலது ஓரத்தையும் சமமாக்காமல் விட்டுவிடலாம். தமிழ் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் (கி, கீ) கீழே சுழியும் (கு, கூ) இருப்பதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் கொடுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால், ஆங்கிலத் தலைப்பு பெரிய எழுத்துகளால் பெறும் கனத்தை நீங்கள் எழுத்தின் தடிப்பாலும் அளவாலும் பெற வேண்டும். கட்டுரையின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கட்டுரை "கொ" என்று தொடங்கினால், கொம்பைத் தனியாகத் தட்டச்சுச் செய்யும் பாமினி எழுத்துருவில் கொம்பு மட்டும் பெரிதாகிப் பக்கத்தில் தனியே நிற்கும். கொம்பு வராத எழுத்தில் கட்டுரையைத் தொடங்குங்கள்.

பொருளுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து (மன்மதன், ரதி கதையை ஆடும் கூத்து) ஆடுகிறவர்களும் தப்பு என்ற பறையை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இசைச் சஞ்சிகையின் இரட்டைப் பக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர்களிடம் அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். தப்புக் கலைஞரின் முகமும் தப்பின் விளிம்பும் நடு மடிப்பில் விழக் கூடாது. அவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் கட்டுரை இருந்தால் வாசகரின் கண்ணும் அங்கே போகும். எதிர்ப்பக்கம் பார்த்தால் பக்கத்தை விட்டே வெளியேறிவிடும். கூத்து இரவில் நடப்பதால் படங்களில் இருட்டு மிகுதியாக இருக்கும். அதன்மேல் வெள்ளை எழுத்தில் கட்டுரையையே அடித்துவிடாதீர்கள்; அச்சில் மை பரவி மெல்லிய கோடுகளும் புள்ளிகளும் அடைபட்டுப் போகும். தலைப்பு மட்டும் தடித்த வெள்ளையில் இருக்கட்டும்.

முடிந்ததும் பக்கத்தைப் போட்டோ கொப்பிக் கடையில் ஏ3 அளவில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுங்கள். சிவப்பும் கரும்பச்சையும் அதில் ஒரே சாம்பலாகிவிட்டால், தலைப்பு நிறத்தால் மட்டுமே நின்றது என்று பொருள். வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டித் திருத்துங்கள். பெட்டி வரைபடங்கள், திருத்தத்துக்கு முந்திய பிரதி, பிந்திய பிரதி மூன்றையும் ஒப்படையோடு சேர்த்துக் கட்டுங்கள். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதினால் போதும்.