ஐஸ் பாவித்தால் 24 வயதிலும் மாரடைப்பு வருமா?

கல்முனையில் இருக்கும் தம்பி ஐஸ் பாவிக்கிறான், இரவில் நெஞ்சு படபடக்கிறது என்கிறான், இந்த வயதில் மாரடைப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும்.

ஐஸ் என்பது மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள். அது உடலை உசுப்பும் நோரட்ரினலின் என்ற இரசாயனத்தை உடலுக்குள் கொட்ட வைக்கும். இதயம் ஓடும், பிரஷர் ஏறும்; அதே நேரம் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி சுருங்கும். வேலை கூடுகிறது, ஒட்சிசன் குறைகிறது. கொழுப்பு அடைக்காத நாடியிலும் இப்படி மாரடைப்பு வரலாம். மூளையில் இரத்தக்கசிவும் வரலாம். நாட்பட்டால் இதயத்தசை தளர்ந்து, நாலு படி ஏறவே மூச்சு வாங்கும், கால் வீங்கும். நிறுத்தினால் பலருக்கு இது ஓரளவு தேறுகிறது. அதனால் அவனைக் கைவிட வேண்டாம்.

நெஞ்சு இறுகினாலோ மயங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ஊர் என்ன சொல்லும் என்பதை அப்புறம் பார்க்கலாம். டொக்டரிடம் ஐஸ் எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள், கொடுக்கும் மருந்தே அதைப் பொறுத்து மாறலாம்.