திருநள்ளாற்றுக்கு ரயில் புதிதா?

கேள்வி: ரயிலையே பார்த்திராத திருநள்ளாற்றுக்கும் அம்பகரத்தூருக்கும் பெரும் செலவில் ரயில் பாதை போட்டிருப்பது சனிப்பெயர்ச்சிக் கூட்டத்துக்காக மட்டும்தானே?
– வாசகர், வில்லியனூர்

பதில்: கேள்வியின் முதல் இரண்டு சொற்களிலேயே பிழை இருக்கிறது. உங்கள் வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு 1879-இல் ரயில் வந்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1898-இல், அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்குச் சுமார் 23 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. ஆங்கிலேய ஆட்சியில் புறப்பட்ட வண்டி பிரெஞ்சு ஆட்சிக்குள் போய் நின்றது. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் அது ஓடியது, நிறுத்தப்பட்டது 1987-இல்தான்.

நட்டம் என்பதே மூடலுக்குச் சொல்லப்பட்ட காரணம். நட்டம் பொய்யன்று; ஆனால் அது எப்படி வந்தது என்பதை வரைபடத்தை விரித்தாலே அறியலாம். காரைக்காலுக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது நாகூர். அங்கே ரயிலில் போக விரும்பிய ஒருவர் மேற்கே பேரளம் சென்று, தெற்கே திருவாரூருக்கு இறங்கி, மறுபடி கிழக்கே நாகப்பட்டினம் வந்து, அதன் பிறகு வடக்கே திரும்பி நாகூரை அடைய வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்தப் பயணத்துக்கு அட்டைச் சீட்டு வாங்குவதைவிட, கடலோரச் சாலையில் பஸ் ஏறுவதே மேல் என்று எவரும் முடிவு செய்திருப்பார். நடுவே விடுபட்ட அந்தச் சிறு துண்டைப் போடாமல், முட்டுச் சந்தாகவே விட்டு வைத்த பாதையில் கூட்டம் இல்லை என்று குறைப்படுவதில் என்ன நியாயம் இருக்கிறது? அந்தத் துண்டு அகலப் பாதையாகப் போடப்பட்டு நாகூர் வழியே காரைக்காலுக்கு ரயில் வந்தது 2011-இல். அதுவரை சுமார் 24 ஆண்டுகள் அந்த ஊர் ரயில் இன்றி இருந்தது.

செலவுக்கும் அந்த மூடலே காரணம்; மூடிய பேரளம்–காரைக்கால் பாதையைத்தான் இப்போது புதிதாகப் போட வேண்டி வந்தது. அன்றே பாதையைக் காப்பாற்றியிருந்தால், பிற்பாடு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள ஒரு மீட்டர் இடைவெளியை 1.676 மீட்டராக அகலப்படுத்தும் வேலையோடு முடிந்திருக்கும்.

சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருவது. காரைக்கால் துறைமுகத்து நிலக்கரியோ அன்றாடம் போக வேண்டியது. சரக்கு வண்டிக்கு இந்தப் புதிய பாதை குறுக்கு வழி என்பதைக் கேள்வி கேட்ட நீங்கள் விட்டுவிட்டீர்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: அம்பகரத்தூரில் நின்று போகும் பாசஞ்சர் வண்டி, பள்ளி, அலுவலக நேரத்துக்குக் காலையும் மாலையும் எத்தனை முறை வரும்?