நெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்: சாப்பிட்ட பின் இரத்தக் கொழுப்பை எது அதிகம் ஏற்றும்?

நெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றில் எதைச் சேர்த்துச் சாப்பிட்டால் இரத்தத்தில் கொழுப்பு அதிகம் ஏறும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் காலை 7 மணிக்கு நெய்ப் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு, பத்தரை மணிக்குக் கொழுப்புப் பரிசோதனைக்கு வந்தார். இரத்தத்தைச் சுழற்றி எடுத்தபோது, இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, நீர்மோர் போல வெளுத்திருந்தது. குழாயின் மறுபுறம் ஒட்டிய சீட்டின் எழுத்தே தெரியவில்லை. இரத்தத்தில் ஓடும் கொழுப்பின் முக்கிய வகையான ட்ரைகிளிசரைடு, டெசிலிட்டருக்கு 412 மில்லிகிராம் இருந்தது. இரண்டு நாள் கழித்து வெறும் வயிற்றில் வந்தபோது அது 188 ஆக இறங்கியிருந்தது.

அந்த வெண்மைக்குக் காரணம் கைலோமைக்ரான் எனப்படும் கொழுப்புத் துகள்கள். உண்ட கொழுப்பைச் சிறுகுடல் இத்துகள்களாகக் கட்டி நிணநீர் வழியாக இரத்தத்தில் சேர்க்கிறது. மூன்று, நான்கு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, ஏழெட்டு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதிதான் அவற்றைக் கரைக்கிறது. எஞ்சும் துண்டுகளைக் கல்லீரல் எடுத்துக்கொள்ளும். அது தாமதமானால் அவை தமனிச் சுவரில் படியக்கூடும் என்று சில்வர்ஸ்மிட் என்ற ஆய்வாளர் 1979இலேயே எழுதினார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு வேளை உணவை மட்டும் பார்த்தால், எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்பதே முக்கியம். 15 கிராம் கொழுப்பு, அதாவது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், பெரிய மாற்றத்தைக் காட்டாது. 30 கிராமைத் தாண்டினால் ஏற்றம் நன்றாகத் தெரியும். தேங்காய் எண்ணெய் நேரே கல்லீரலுக்குப் போய்விடும், இரத்தத்தில் ஏறாது என்ற பேச்சு பாதிதான் சரி. 8, 10 கார்பன் அணுக்கள் கொண்ட சிறிய கொழுப்பு அமிலங்களே அப்படிப் போகின்றன. அந்த எண்ணெயில் ஏறக்குறையப் பாதியாக உள்ள லாரிக் அமிலத்தில் கணிசமான பங்கு கைலோமைக்ரான் வழியாகவே வருகிறது. உண்மையிலேயே வேறுபட்டு நிற்பது மீன் கொழுப்பு. மத்தி, அயிலை போன்றவற்றில் உள்ள ஒமேகா-3 அமிலங்கள் தொடர்ந்து போதிய அளவில் உடலில் சேர்ந்தால், உணவுக்குப் பின் வரும் இந்த ஏற்றம் குறைகிறது.

எண்ணெயைப் பற்றியே பேசும் நாம் சர்க்கரையை மறந்துவிடுகிறோம் என்பது என் ஆதங்கம். நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த கேசரியில், சர்க்கரையிலுள்ள ஃபிரக்டோஸைக் கொண்டு கல்லீரலும் தன் பங்குக்கு ட்ரைகிளிசரைடு செய்து அனுப்புகிறது. இரண்டையும் கரைக்க வேண்டியது அதே நொதிதான். முந்தைய நாள் வேகமாக நடந்திருந்தால் தசையில் அந்த நொதி கூடுதலாக வேலை செய்யும்.

எண்ணெயின் வகை, வாரக்கணக்கில் உயரும், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலில்தான் தன் கணக்கைக் காட்டுகிறது. நெய்யும் தேங்காய் எண்ணெயும் அதை ஏற்றும்; அவற்றுக்குப் பதிலாக நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ பயன்படுத்தினால் இறங்கும். ஆகவே, ட்ரைகிளிசரைடுக்கு அளவையும், எல்டிஎல்லுக்கு வகையையும் பாருங்கள்.

சாப்பிட்டுவிட்டு இரத்தம் கொடுப்பது பிழையன்று. 2016இல் ஐரோப்பிய வல்லுநர்கள் அதை ஏற்று, அந்நிலையில் ட்ரைகிளிசரைடு 175 வரை இயல்பு என்றார்கள். ஆனால் பல கூடங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளக்காமல், மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லையும், ஐந்தால் வகுத்த ட்ரைகிளிசரைடையும் கழித்துக் கணக்கிடுகிறோம். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் அந்தப் பொங்கல் சாப்பிட்டவரை மீண்டும் வரச் சொன்னோம். நீங்களும் இரத்தம் கொடுக்கும்போது, கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்பதை எடுப்பவரிடம் சொல்லி, அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள்.