சந்தா ஆபிஸை விட்டு லிப்ரே ஆபிஸுக்கு: முதலில் கோப்புகளைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் ஐந்து கணினிகள். ஆபிஸ் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறோம்; மார்ச்சில் முடிகிறது. தமிழ்க் கடிதங்கள், கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் அதில்தான். இலவசத் திறந்த மூல மென்பொருளுக்கு மாறினால் வேலை கெடாமல் நடக்குமா?

பதில்:

நடக்கும். திண்டுக்கல்லில் தட்டச்சு, ஜெராக்ஸ், பள்ளி வினாத்தாள், வரி தாக்கல் எல்லாம் சேர்ந்த ஒரு கடை நடத்துகிறேன். எங்கள் கடையில் ஒரு கணினியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் லிப்ரே ஆபிஸ் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருள்தான் ஓடுகிறது. அந்த ஒன்றில் மட்டும் ஏன் எக்செல் இருக்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன். உங்களுக்கும் அநேகமாக அப்படித்தான் அமையும்.

மாற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் எந்த மென்பொருள் நல்லது என்று தேடுவதிலேயே நாட்களைக் கழிக்கிறார்கள். அது சீக்கிரம் முடிகிற காரியம். உங்களிடம் இருக்கும் கோப்புகள் யாரிடமிருந்து வருகின்றன, முடித்த பிறகு யாருக்குப் போகின்றன, போன இடத்தில் அவர்கள் அதைத் திறந்து திருத்துவார்களா, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் வந்து போகிற கோப்புகளை எழுதி வையுங்கள். நாமே அடித்து நாமே பிரிண்ட் எடுப்பவை, பிடிஎஃப்-ஆகப் போகிறவை, இரண்டு பக்கமும் போய்வந்து திருத்தப்படுகிறவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வகையை நாளைக்கே மாற்றலாம், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. கவனம் முழுக்க மூன்றாவது வகைக்குத் தேவை.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிப்ரே ஆபிஸின் வேர் ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆபிஸ். 1999-இல் சன் நிறுவனம் அதை வாங்கி, அடுத்த ஆண்டே ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் அதன் மூல நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து விட்டது; திறந்த மூலம் என்பது இதுதான். சன் நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, 2010 செப்டம்பரில் அதில் உழைத்தவர்களில் பலர் பிரிந்து வந்து தொடங்கியதுதான் லிப்ரே ஆபிஸ். பெர்லினில் உள்ள டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதை நடத்துகிறது. ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரிலும் ஒன்று இன்னும் இணையத்தில் கிடைக்கிறது. அதை இறக்கிவிடாதீர்கள். அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், ஆனால் அந்த வடிவில் சேமிக்காது. டபிள்யூபிஎஸ் ஆபிஸையும் பலர் சொல்வார்கள். அது காசு இல்லாமல் கிடைப்பது, திறந்த மூலம் அல்ல. ஒன்லி ஆபிஸ் திறந்த மூலம்தான். வேர்ட் போலவே முகப்பு இருப்பதால் பழகுவது எளிது. உங்கள் தமிழ்க் கோப்புகள் சிலவற்றை அதிலும் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இன்னொன்று, இதற்காக விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். சந்தா மென்பொருள் பக்கத்திலேயே லிப்ரே ஆபிஸும் இருக்கலாம், ஒன்றையொன்று கெடுக்காது.

இனி தமிழுக்கு வருகிறேன். சிக்கல் இங்கேதான் அதிகம், இணையத்தில் வழிகாட்டுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

லிப்ரே ஆபிஸ் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவும் தமிழுக்கு வேறொரு எழுத்துருவும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். அளவும் தனித்தனிதான். இது தெரியாமல் ஆங்கிலத்துக்கு மட்டும் எழுத்துருவை மாற்றிவிட்டு, தமிழ் மாறவில்லையே என்று திணறுகிறவர்கள் நிறைய. டூல்ஸில் ஆப்ஷன்ஸ் போய், மொழிகளுக்கான பக்கத்தில் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் டீஃபால்ட் பாரகிராஃப் ஸ்டைலைத் திறந்து தமிழ்ப் பகுதிக்கு நிர்மலாவோ நோட்டோ சான்ஸ் தமிழோ, உங்களுக்குப் பிடித்த எழுத்துருவை அளவோடு வைத்துச் சேமித்து, அதையே வார்ப்புருவாக எல்லாக் கணினியிலும் போட்டுவிடுங்கள். அதே ஆப்ஷன்ஸில் லோக்கேல் என்ற நாட்டு அமைப்பை இங்கிலீஷ் இந்தியா என்று வைத்தால் தேதி நாள், மாதம், ஆண்டு வரிசையிலும் நாணயம் ரூபாயிலும் வரும். கணக்குக் கோப்புகளுக்கு இதை முதல் நாளே செய்யுங்கள்.

அடுத்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. எங்கள் கடைக்கு ஆசிரியர்கள் பென் டிரைவில் கொண்டுவரும் வினாத்தாள்களில் பாதிக்கு மேல் இன்னும் பாமினியிலோ வானவில்லிலோதான் இருக்கின்றன. இவை யூனிகோடு அல்ல; ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான தனிக் குறியீடு தருவதுதான் யூனிகோடு. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. ஆகவே எழுத்துருக் கோப்பைக் கணினியில் போட்டிருந்தால் லிப்ரே ஆபிஸிலும் அப்படியே தெரியும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் ஆட்டோ கரெக்ட் வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பாமினியில் சின்ன ஜே என்பது 'த', பெரிய ஜே என்பது 'து'. வரித் தொடக்கத்தில் 'தமிழ்' என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் அது 'துமிழ்' ஆகிவிடும். வேர்டில் இதை என்றோ யாரோ நிறுத்தி வைத்திருப்பார்கள், அதனால் உங்கள் தட்டச்சர் இதைப் பார்த்தே இருக்க மாட்டார். புதிய மென்பொருளில் முதல் நாளே இது வந்தால், 'இதில் தமிழ் சரியாக வராது' என்ற தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டுவிடும். டூல்ஸில் ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்துவது, மேற்கோள் குறிகளை மாற்றுவது ஆகியவற்றை எடுத்துவிடுங்கள்.

பழைய பாமினிக் கோப்புகளையும் கொஞ்சம் கொஞ்சமாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆங்கிலம் கலந்த பத்திகளை மட்டும் பிரித்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்னும் நாம் எழுத்துருவை நம்பிக் கோப்புகளை வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இருபது ஆண்டு உழைப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது, தேடினாலும் கிடைக்காது. மென்பொருளை மாற்றும் இந்த வேளையில் அதையும் சேர்த்துச் செய்தால் கையோடு முடிந்துவிடும்.

ஆங்கிலக் கோப்புகளில் வரி நகர்வதற்கும் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். கலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என்று எழுத்தின் அகலம் மாறாத மாற்று எழுத்துருக்கள் லிப்ரே ஆபிஸோடு வருகின்றன, அதனால் பத்தி உடையாது. இப்போதைய வேர்டில் இயல்பாக இருப்பது ஆப்டோஸ். அதில் அடித்த கோப்பு வந்தால் பக்கம் தள்ளிப்போகும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே அந்த எழுத்துருவை இறக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கிய கோப்புகளுக்கு மட்டும் மருந்து கிடையாது. நம் ஊர் வினாத்தாள்களிலும் மனுக்களிலும் இது நிறைய. எந்த மென்பொருளில் திறந்தாலும் அவை குலையும். திறக்கும்போதே கோடு இல்லாத அட்டவணையாகவோ டேப் ஸ்டாப்பாகவோ மாற்றி வையுங்கள், அடுத்த ஆண்டு அதே வினாத்தாள் வரும்போது வேலை பாதியாகும்.

கணக்குப் பக்கம் போவோம். லிப்ரே ஆபிஸில் எக்செல்லுக்கு ஈடான கால்க்கில் சாதாரணக் கணக்குகள், பிவட் டேபிள், விலுக்அப் எல்லாம் ஓடும். 2024 ஆகஸ்ட்டில் வந்த 24.8 பதிப்பிலிருந்து எக்ஸ்லுக்அப், ஃபில்டர், யுனீக் போன்றவையும் வந்துவிட்டன. ஆகவே பழைய பதிப்பை வைத்துக்கொண்டு 'இந்த ஃபங்க்‌ஷன் இல்லை' என்று சொல்லாதீர்கள். வெளித் தரவை இழுத்துச் சீராக்கும் எக்செல்லின் பவர் கொயரி இல்லை. எக்செல்லுக்குள் எழுதிய சிறு நிரலான விபிஏ மேக்ரோ எளியதாக இருந்தால் ஓடலாம், பெரியதை நம்பக் கூடாது.

எங்கள் ஒரு கணினியில் எக்செல் இருப்பதற்குக் காரணம் இதுதான். வருமான வரித் துறையின் எக்செல் யுடிலிட்டி, ஜிஎஸ்டிஆர் 9-க்கான ஆஃப்லைன் கருவி போன்றவை மேக்ரோ நிரம்பிய எக்செல் கோப்புகள். கால்க்கில் திறந்து பார்க்கலாம், தாக்கல் செய்ய அதை நம்பி உட்காரக் கூடாது. ஆனால் இவற்றுக்கும் சுற்றுவழி உண்டு. வருமான வரிப் படிவங்களைப் போர்ட்டலிலேயே நிரப்பலாம், எக்செல் தேவைப்படாத ஆஃப்லைன் யுடிலிட்டியும் இருக்கிறது. ஜிஎஸ்டிஆர் 1-க்கான ஆஃப்லைன் கருவி, காற்புள்ளியால் பிரித்த வெறும் உரையான சிஎஸ்வி கோப்பை ஏற்கும், அதைக் கால்க்கில் தயாரிக்கலாம். டிடிஎஸ் படிவம் தயாரிக்கும் ஆர்பியு என்ற கருவி ஜாவாவில் ஓடுவது, ஆபிஸோடு அதற்குத் தொடர்பே இல்லை. வாடிக்கையாளர் எண்ணிக்கை அதிகம் என்பதால் நாங்கள் ஒரு கணினியில் எக்செல்லை வைத்திருக்கிறோம். ஐந்துக்குக் கட்டுவதும் ஒன்றுக்குக் கட்டுவதும் ஒன்றல்ல.

சந்தா முடிவதற்கு முன் அவசரமாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் கோப்புகள் ஒன்டிரைவ் போன்ற கிளவுடில் இருந்தால், கணினியில் தெரிகிற பெயர் வெறும் பெயராகவே இருக்கலாம். கோப்பு உண்மையில் அங்கே இருக்கும். சந்தா போனால் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. எல்லாவற்றையும் முழுவதுமாக இறக்கி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, நெட்டைத் துண்டித்துவிட்டு நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது உங்களிடம் இருக்கிறது என்று பொருள். அவுட்லுக்கில் மெயில் வைத்திருந்தால் தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளுக்கு மாற்றும் வேலையையும் சந்தா உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

எந்த வடிவில் சேமிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். அலுவலகத்துக்குள் இருப்பதை லிப்ரே ஆபிஸின் இயல்பு வடிவமான ஓடிஎஃப்-இல் வையுங்கள். 2006-இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது; நாளைக்கு எந்த நிறுவனம் இருந்தாலும் போனாலும் திறக்க முடியும். வெளியே போவது பிடிஎஃப். எதிரில் இருப்பவர் திருத்தியே ஆக வேண்டும் என்றால் மட்டும் டாக்எக்ஸ். ஒரே கோப்பு வேர்டுக்கும் லிப்ரே ஆபிஸின் ரைட்டருக்கும் பத்து முறை போய்வந்தால் எண்ணிடலும் ஓரக் குறிப்புகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலையும். அத்தகைய கோப்புகளைச் சந்தா மென்பொருள் இருக்கும் அந்த ஒரு கணினியிலேயே வைத்து முடித்துவிடுங்கள்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பல ஆண்டுகள் உழைத்து மாறியது. 2017-இல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. அரசியல் காரணங்கள் இருந்தன. மற்ற அலுவலகங்களோடு கோப்புப் பரிமாற்றத்தில் வந்த உரசலும் ஒரு காரணம். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கு மாற்றுவதாக 2024-இல் அறிவித்தது. அங்கே கோப்பு வடிவத்தையும் சேர்த்தே ஓடிஎஃப்-க்கு மாற்றுகிறார்கள். பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலும் லிப்ரே ஆபிஸிலும்தான் கணினி படிக்கிறார்கள். அவர்களுக்கு இதுதான் இயல்பு.

உங்கள் ஊழியர்களுக்கு அப்படி இருக்காது. எங்கள் கடையில் தட்டச்சு செய்யும் அக்காவுக்குப் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகைதான் கை. 'தம்பி, மேலே இருந்த பட்டையெல்லாம் எங்கே போச்சு' என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் டேப்டு என்று வைத்தால் வேர்ட் போன்ற பட்டை வந்துவிடும். தட்டச்சு முறை விண்டோஸில் இருப்பது, அது மாறாது. ஒரே கடிதத்தைப் பலர் பெயரில் அடிக்கும் மெயில் மெர்ஜ் மட்டும் வேறு மாதிரி: பெயர்ப் பட்டியல் இருக்கும் கால்க் கோப்பை முதலில் டேட்டா சோர்ஸாகப் பதிந்துகொண்டு பிறகு செய்ய வேண்டும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை செய்து காட்டுங்கள். அவர்கள் வேகம் குறைகிற முதல் இரண்டு வாரத்தில் அவசர வேலையைத் தலையில் வைக்காதீர்கள், திட்டாதீர்கள். முகம் சுளிக்கிறவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கண்ணில் படாத கோப்பு அவர் கையில்தான் இருக்கும்.

சந்தாவும் வேண்டாம், இதுவும் வேண்டாம், ஐந்நூறு ரூபாய்க்குப் பழைய ஆபிஸைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். ஆபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. திருட்டுப் பிரதி என்றால் வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டுத்தான் போடுவார்கள். வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கிற கணினியில் அப்படி எதையும் போட யாருக்கும் உரிமை இல்லை. நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் காகிதம் அது.

மார்ச்சுக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே ஐந்திலும் லிப்ரே ஆபிஸைப் போட்டு, சந்தா மென்பொருளையும் இருக்கவிட்டு, புதிதாக அடிப்பதை மட்டும் புதியதில் அடிக்கச் சொல்லுங்கள். சிக்கல் தந்த கோப்பின் பெயரை அந்த நோட்டில் எழுதி வரட்டும். பிப்ரவரிக் கடைசியில் அந்தப் பட்டியலைப் பார்த்தால், எக்செல் எந்தக் கணினிக்குத் தேவை, தேவையே இல்லையா என்பது தெரிந்துவிடும். புதுப்பித்தல் தானாக நடக்கும்படி அட்டை இணைத்திருந்தால் அதை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனுக்கு நன்கொடையாக அனுப்புங்கள், நாங்கள் ஆண்டுதோறும் அனுப்புகிறோம். எந்த வகைக் கோப்பு இடிக்கிறது என்று கருத்துப் பகுதியில் எழுதினால், தெரிந்ததைச் சொல்கிறேன்.